பேரெடுத்த அக்கா

எங்கள் காம்பவுண்டில் மாவு அக்காவிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. கேட்டால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "மன்னிக்கிறது கர்த்தர் வேலை. என் வேலை மாவு."

லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்த முதல் வாரமே எனக்கு அது கிடைத்துவிட்டது. மூட்டைகளை இன்னும் பிரிக்கவில்லை. மாவு வாங்கப் பாத்திரம் இல்லையென்று அக்கா தன் தூக்குவாளியையே கொடுத்து அனுப்பினாள். மறுநாள் ஆபீஸ் அவசரத்தில் ஓர் அலசு அலசித் திருப்பிக் கொடுத்தேன். விளிம்பில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அக்கா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "சாரிக்கா, மன்னிச்சுக்கோங்க" என்றேன். மேற்படி பதில் வந்தது. திட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வந்த மாவு மட்டும் மற்றவர்கள் மாவைவிட ஒரு நாள் மூத்ததாக இருந்தது. தோசையை வாயில் வைத்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். தாங்கமுடியாமல் ஒரு நாள் கேட்டேன்.

"வெயில் ஜாஸ்தி கண்ணு. சீக்கிரம் புளிச்சிக்குது" என்றாள்.

அது மார்கழி. பெங்களூர்க் குளிரில் நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன்.

தண்டனை எப்போது முடியும் என்று சொல்லவும் மாட்டாள். என்றைக்காவது காலையில் தோசை ஒழுங்காக இருக்கும். அப்போது நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அக்கா குள்ளம். நைட்டி, தோளில் ஒரு துண்டு, முழங்கை வரைக்கும் மாவு. விரலில் போட்டால் மாவு ஏறிக்கொள்கிறது என்று கல்யாண மோதிரத்தைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் கோத்திருந்தாள். குனிந்து கிரைண்டரை வழிக்கும்போது இரண்டும் மோதிக்கொண்டு சின்னதாகச் சத்தம் போடும். முன்னறையில் இரண்டு கிரைண்டர், பின்னறையில் ஒரு கட்டில், அவ்வளவுதான் வீடு. குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பாதி ஆயுசு இந்த ஊரில் கழிந்தும், மாவு விற்கத் தேவையான கன்னடத்தைத் தவிர ஒரு சொல் கூடுதலாகக் கற்றுக்கொள்ளவில்லை. "ஸ்வல்ப இரி", "சில்லற கொடி", "நாளெ பா." கொஞ்சம் இரு, சில்லறை கொடு, நாளைக்கு வா. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நாலு தெருவுக்கு இட்லி போட்டாள்.

மூன்றாம் வீட்டு டீச்சர் ஒருமுறை, "இவங்க மாவுல பழைய சோறு சேக்கறாங்க போல" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிவிட்டார். அது அக்கா காதுக்கு வந்தது. மாவை நிறுத்துவாள் என்று நாங்கள் நினைத்தோம். நிறுத்தவில்லை. வரிசையில் டீச்சர் முதலாவதாக நின்றாலும் கடைசியாகத்தான் ஊற்றுவாள். அப்படியே பல வருடம். பிறகு டீச்சர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணக் காலை டிபனுக்கு மொத்த மாவையும் அக்கா காசு வாங்காமல் அரைத்து அனுப்பினாள். எனக்கு ஆச்சரியம். "சமாதானம் ஆயிட்டீங்களாக்கா?" என்றேன்.

"சம்பந்திக்காரங்க அத்தினி பேரும் இட்லி பிரமாதம்னாங்களா? யார் மாவுன்னு கேட்டாங்களா? அவ வாயாலயே என் பேரச் சொன்னாளா? அது போதும் எனக்கு" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். நானும் அப்படிப்பட்ட பிறவிதான். பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸை உருட்டிவிட்டவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் எனக்குப் பழிவாங்கும் திறமை கிடையாது, மனசுக்குள் கறுவிக்கொண்டு கிடப்பேன். அக்கா செய்து காட்டுவாள்.

அவள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். பெயின்டர். சுண்ணாம்பும் பெயின்ட் வாடையும் நெஞ்சில் ஏறி ஆஸ்துமா வந்தவர். கல்யாணமான புதிதில், "எங்கம்மா மீன் கொழம்பு மாதிரி வரல" என்று சொல்லிவிட்டாராம். அதன் பிறகு அந்த வீட்டில் மீன் குழம்பே கிடையாது. ஆசைப்பட்டால் மெஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, மனைவியிடமே, "இன்னிக்கு வஞ்சிரம்" என்று ஏப்பம் விட்டுக்கொண்டு சொல்வார். அவளும் சிரிப்பாள். யாரைப் பார்த்தாலும் பேர் சொல்லி, கூடவே ஓர் 'அண்ணே'யோ 'தம்பி'யோ சேர்த்துத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். சண்டை, கோபம், வருத்தம் எதுவானாலும் அவரிடம் மறுநாள் வரை தங்காது. "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே மன்னிச்சிக்கினு கீறேன்" என்பார்.

இனி ஓனரைச் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு 'ர்' போட்டு எழுதவே எனக்குக் கசக்கிறது. வயதில் மூத்தவர் என்பதால் போடுகிறேன்.

காம்பவுண்டின் முகப்பில் மாடி வீடு அவருடையது. பின்னால் வரிசையாக எங்கள் ஐந்து வீடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் பேரில் ஒரே மீட்டர். எங்களுக்குக் குட்டி மீட்டர்கள். ஐந்து வீட்டு ஃப்யூஸும் அவர் மாடிப்படிக்கு அடியில், கம்பிக் கதவு போட்டு, பூட்டுக்குள். சாவி அவர் இடுப்பில். பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். பிறந்தது வளர்ந்தது இங்கேதான் என்பதால் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. ஜெபத்துக்கு வாய் திறந்தாரென்றால் இட்லி வெந்து ஆறிப்போகும்.

கொரோனா வந்தது. ஊரடங்கு. என் கணவர் ஆம்பூருக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். நான் மடிக்கணினியும் கையுமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். அக்காவிடம் வாடிக்கையாக மாவு வாங்கிய பேச்சலர் பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஊர்போய்ச் சேர்ந்தார்கள். டிபன் கடைகள் மூடின. அவள் வீட்டுக்காரருக்குப் பெயின்ட் வேலை இல்லை. இரண்டு கிரைண்டரில் ஒன்று ஓய்ந்தது.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் குப்பை ஆட்டோவின் ஒலிபெருக்கியில் வழக்கமான பாட்டுக்குப் பதிலாக ஏதோ அறிவிப்பு வந்தது. கரகரத்த குரல், எழுத்துக் கன்னடம், ஆட்டோ நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தது. எங்களுக்குப் பிடிபட்டது மூன்றே சொல். வார்டு. பில்லு. மன்னா.

ஐந்து வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டோம். நான்கு வீடு வேதக்காரக் குடும்பம். மன்னா என்றால் வனாந்தரத்தில் பசித்த ஜனங்களுக்கு வானத்திலிருந்து விழுந்த அப்பம். ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து கலர் அடித்தவர்கள் நாங்கள். வார்டு ஆபீஸில் ஏதோ மன்னா கொடுக்கிறார்கள். சரி, பில்லு எதற்கு? அதற்கும் அக்காவிடம் விடை இருந்தது.

"ரேஷன் கொடுத்தா கார்டு கேக்கறானுங்க, மாத்திர கொடுத்தா ஆதார் கேக்கறானுங்க. இதுக்குக் கரண்ட் பில்லு கேக்கறானுங்க போல. பில்லக் காட்டுனா மன்னா."

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஐந்தாம் வீட்டு முருக பக்தைகூட, "சாமான் எந்தச் சாமி குடுத்தா இன்னா" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கம்ப்யூட்டரில் குப்பை கொட்டும் நானும் பையோடுதான் நின்றேன்.

பில் ஓனரிடம் அல்லவா இருக்கிறது? போய்க் கேட்டோம். அக்காதான் பேசினாள். "சார், அந்தக் கரண்ட் பில்லு தண்ணி பில்லு ரெண்டும் ஒரு தபா குடுங்க. வார்டாபீஸ்ல காட்டி மன்னா வாங்கணும்."

ஓனர் எங்கள் ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அந்தக் கண்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. அது எனக்கு அப்போது புரியவில்லை.

"நீங்க எதுக்கும்மா வெளிய போறீங்க, இந்த டைம்ல? ரிஸ்க். பில்ல நானே கொண்டுபோய்க் காட்டிட்டு வர்றேன்" என்றார்.

சாயங்காலம் வந்தார். வீட்டுக்கு ஒன்றாக ஐந்து கோதுமை மாவு பாக்கெட். எங்களைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, மாடிப்படியில் நின்றுகொண்டு, வனாந்தரத்தில் மன்னா பொழிந்தவருக்கு நீளமாக ஒரு ஸ்தோத்திர ஜெபம் செய்தார். மாவு விற்கிறவள் கையிலும் ஒரு மாவு பாக்கெட். ஆனாலும் அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாக 'ஆமென்' சொன்னது அக்காதான்.

மாதக் கடைசியில் ஓனர் வழக்கம்போலக் குட்டி மீட்டர்களைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். எல்லோரும் கட்டினோம். அக்காவால் முடியவில்லை. அவகாசம் கேட்டாள். கேட்டுப் பழக்கமில்லாதவள், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கரண்ட் ஆபீஸ்காரன் எனக்கு டைம் குடுப்பானாம்மா? பணம் வந்தாதானே நான் கட்ட முடியும்" என்றார் ஓனர்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மாடிப்படிக்கு அடியில் போய் அக்கா வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கினார்.

கிரைண்டரில் அரிசி பாதி அரைபட்டு நின்றது. அதுகூடப் பரவாயில்லை. உள்ளறையில் அவள் வீட்டுக்காரர் மூச்சு மிஷினை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார். மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்புகிற சின்ன மிஷின். கொரோனாக் காலத்தில் ஆஸ்துமாக்காரரைச் சும்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவே ஜனங்கள் பயந்தார்கள். அந்த மிஷின்தான் அவருக்கு ஆஸ்பத்திரி. அது நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அக்கா. அவரைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் மிஷின். அவர் உதடு நீலமாக இருந்தது. இருமக்கூட மூச்சில்லை. யாரையும் யாரும் வாசலுக்குள் விடாத காலம் அது. எனக்கும் பயம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த உதட்டைப் பார்த்த பிறகு யோசிக்கவில்லை. என் நாற்காலியில் உட்காரவைத்து, என் மடிக்கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினைச் செருகினேன். அது இரைய ஆரம்பித்தது. ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ என்ன சத்தம் என்று கேட்டார்கள். மிக்ஸி என்றேன்.

அக்கா உள்ளே வரவில்லை. எனக்குத் தொற்றிவிடக்கூடாது என்று வெளியே படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை, யாரையும் சபிக்கவும் இல்லை. அவர் உதட்டுக்கு நிறம் வந்த பிறகு எழுந்து வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"இத மறக்கமாட்டேன் கண்ணு."

"விடுங்கக்கா. இதுல என்ன இருக்கு."

"விடமாட்டேன்னு சொல்றேன். ஒனக்கும் விடமாட்டேன், அந்தாளுக்கும் விடமாட்டேன்."

அவள் பில்லுக்கான பணத்தை அன்றே என் போனிலிருந்து ஓனருக்கு அனுப்பினேன். ஃப்யூஸ் திரும்பி வந்தது. கூடவே எனக்கு, கைகூப்பிய படத்தோடு 'காட் பிளெஸ் யூ' என்று ஒரு செய்தியும் வந்தது. மறுநாளிலிருந்து என் வீட்டுக்கு மாவு அக்காவே கொண்டுவந்து கொடுத்தாள். நான் பெங்களூரில் அதைப்போல் தோசை சாப்பிட்டதே இல்லை.

ஊரடங்கு தளர்ந்து ஜனங்கள் தெருவில் நின்று பேச ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் அக்கா குப்பை ஆட்டோக்காரரை நிறுத்தினாள். கன்னடக்காரர், தமிழும் கொஞ்சம் பேசுவார். "ஏம்பா, அன்னிக்கு மன்னா மன்னான்னு போட்டுக்கினு போனியே, அடுத்த மன்னா எப்ப? ஒரு பாக்கெட்டோட நிறுத்திட்டாங்களே."

அவருக்குப் புரியவில்லை. அக்கா பாக்கெட் கதையைச் சொன்னாள். அந்த மனிதர் ஆட்டோவில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"ஐயோ, மன்னா அந்த்ரே ஊட்டா அல்லம்மா, சாப்பாடு இல்ல! மன்னா அந்த்ரே மாஃபி. பில்லு மாஃபி. நம்ம வார்டுல பாவப்பட்டவங்க குடியிருக்கற வீட்டு கரண்ட் பில்லு, தண்ணி பில்லு, மூணு மாசத்துக்குக் கட்டோது பேடா, கட்டவே வேணாம். அதத்தான் போட்டேன்."

மாஃபி என்ற சொல் பெங்களூர்த் தமிழனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அக்கா என் பக்கம் திரும்பினாள். "மாஃபியா? பில்லுக்கு மன்னிப்பா?" என்று மெல்லக் கேட்டாள். "அப்ப அன்னிக்கு எதுக்குக் கண்ணு ஃப்யூஸப் புடுங்குனான்?"

வராத பில்லுக்கு ஐந்து வீட்டில் வசூல். வராத பில்லுக்கு ஒரு மனிதரின் மூச்சை நிறுத்தியிருக்கிறார். அதற்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். இப்போது எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஐந்து பேரும் போனோம். ஓனர் கேட்டுக்கு சானிடைசர் அடித்துக்கொண்டிருந்தார். மறுக்கவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"பாருங்கம்மா. மீட்டர் யார் பேர்ல இருக்கு? என் பேர்ல. பில்லு யார் பேர்ல வரும்? என் பேர்ல. அப்ப மன்னா ஆனது யார் பேருக்கு? சிம்பிள். அப்பவும் நான் சும்மா இருக்கல. உங்களுக்கு மாவு குடுத்தேன், ஜெபம் பண்ணேன். வேற எந்த ஓனர் செய்வான்? பிடிக்கலன்னா வீடு காலி பண்ணுங்க."

யார் காலி செய்ய முடியும் அந்த நேரத்தில்? யார் வீடு கொடுப்பார்கள், அதுவும் இருமுகிற ஆளுக்கு? அது அவருக்கும் தெரியும். வார்டு ஆபீஸில் போய்ச் சொல்லலாம் என்று நான் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அல்லாம் உங்க பேர்லதான் இருக்குது. இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சரிங்க மன்னா" என்றாள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து கிரைண்டரைக் கழுவினாள். "அந்த ஆமென்னத் திருப்பி வாங்கணும்" என்று மட்டும் முணுமுணுத்தாள். அன்றிலிருந்து அவள் வாயில் ஓனரின் பேர் வரவில்லை. சார் இல்லை, ஓனர் இல்லை. மன்னாதான்.

"மன்னா வந்துட்டாரா?" "மன்னா வண்டிய இங்க நிறுத்தியிருக்காரு." நேரில் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து இறக்கி, "வணக்கம் மன்னா." முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும். ராஜா என்கிறாளே! பிறகுதான் உறைத்தது. ஆனால் எதைச் சொல்லிக் கோபித்துக்கொள்வது? தமிழுக்கு அது ராஜா. சபைக்கு அது வானத்து அப்பம். பாஸ்டர் ஐயாவிடம் போய்ப் புகார் சொன்னாராம். "நல்ல நாமம்தானே, ஆசீர்வாதமா எடுத்துக்கோங்க" என்றாராம் அவர். கன்னடக்காரர்களுக்கு மட்டும் அதன் நேர் அர்த்தம் தெரியும். கதையும் தெரியும், ஏனென்றால் மாவு வாங்க வந்தவர் ஒருவரையும் அக்கா கதை சொல்லாமல் அனுப்பவில்லை. ஒரு கரண்டிக்கு ஒரு வரி. கன்னடத்தில் சொல்லத் தெரியாத இடத்தில் அந்த 'மாஃபி'யும் கை ஜாடையும் போதுமாக இருந்தன.

நாலு தெருவிலும் அந்தப் பேர் ஊறிவிட்டது. காய்கறி வண்டிக்காரர், "மன்னா, தக்காளி வேணுமா?" என்றார். பார்சல் கொண்டுவருகிறவர்கள் கேட்டில் நின்று, "மன்னா வீடு இதானா?" என்றார்கள். போன் வரைபடத்தில் யாரோ எங்கள் இடத்துக்கு 'மன்னா காம்பவுண்ட்' என்று பேர் போட்டுவிட்டார்கள். அது யாரென்று எனக்குத் தெரியும். நான்தான். அதைச் செய்த அன்றைக்கு எனக்கு வந்த தூக்கம் போல அந்த வருடம் முழுக்க வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா வீட்டுக்காரர் போய்விட்டார். கொரோனா இல்லை, நெஞ்சுதான். நுரையீரல் முன்பே தளர்ந்துபோயிருந்தது, எதையும் காரணமாகச் சொல்லமுடியாது என்று டாக்டர் சொன்னார். "டாக்டரு சொல்றது டாக்டரு கணக்கு" என்றாள் அக்கா. அடக்கத்துக்கு ஓனர் வந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையம், அதன் குறுக்கே ரோஸ் நிற ரிப்பனில் அவர் பேர் பெரிய எழுத்தில். அக்கா எழுந்துபோய் அந்த ரிப்பனை மட்டும் உருவி எடுத்தாள். சுருட்டி நைட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வளையத்தைப் பெட்டியின் மேல் வைத்தாள். "பூ இன்னா பண்ணுச்சி, பாவம்" என்றாள்.

அந்த வருடம் சபைக் கமிட்டித் தேர்தல் வந்தது. சின்னச் சபை. சீட்டில் பேர் அச்சடிப்பதெல்லாம் இல்லை. வெள்ளைத் தாளில் வேண்டியவர் பேரை எழுதி மடித்துப் பெட்டியில் போடவேண்டும். முன்பொரு தேர்தலில் தனக்கு எதிராக நின்றவரைத் தோற்கடிக்க, பேர் சரியாக இல்லாத சீட்டுச் செல்லாது என்று விதி கொண்டுவந்தவரே செயலாளரான நம் ஓனர்தான். பாஸ்டர் ஐயா ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். முதல் சீட்டு, மன்னா. இரண்டாவது, மன்னா. மூன்றாவது சீட்டுக்குப் பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாராலும் அடக்கமுடியவில்லை. படித்துக்கொண்டிருந்த பாஸ்டர் ஐயாவே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லோரும் வேண்டுமென்று எழுதவில்லை, அதுதான் இதில் விசேஷம். முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் மெய்யாகவே அவருக்குத்தான் ஓட்டுப்போட நினைத்தார்கள். பேனாவை எடுத்தபோது வேறு பேர் ஞாபகத்துக்கு வரவில்லை. அத்தனை சீட்டும் செல்லாது. பள்ளிக்கூட குமாஸ்தா ஒருவர், நின்றதே தெரியாமல் நின்றவர், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய ஓட்டில் செயலாளர் ஆனார். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தேன்.

எனக்கு ஹெப்பகோடி பக்கம் வேலை மாறியது. வீடு காலி செய்வதற்கு முந்தின நாள், சொல்லிக்கொண்டு போக அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது பாஸ்டர் ஐயா வந்தார். அவருக்குப் பின்னால் ஓனர். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அக்கா கிரைண்டரில் உளுந்து போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அம்மா, ரெண்டு பேரும் ஒரே சபை. ஒரே மேஜைல திருவிருந்து எடுக்கறவங்க. இது இப்படியே இருக்கக்கூடாது. கர்த்தர் நம்மள மன்னிக்கலயா?" என்றார் பாஸ்டர் ஐயா.

"அவரு மன்னிப்பாரு ஐயா. அவருக்குக் கரண்ட் கட் ஆவல."

ஓனர் முன்னால் வந்தார். "வாங்கின பணத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துர்றேன்மா. அஞ்சு வீட்டுக்கும். இந்தத் தெருவுல என்னால நடக்க முடியல. என் பேரன்கூட போன்ல மன்னாங்கறான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீ ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிடு. நீ கூப்பிட்டா மத்தவங்களும் கூப்பிடுவாங்க."

அவர் குரல் உடைந்தது. ஒரு நிமிஷம் எனக்கே பாவமாக இருந்தது என்று எழுதலாம். இல்லை. எனக்கு நன்றாக இருந்தது.

அக்கா கையை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா முன்னாடி சொல்றேன். இந்தப் பொண்ணுக்கும் தெரியாது இது. அன்னிக்கு ஃப்யூஸப் புடுங்குனீங்கள்ல? நேரா இவ வூட்டுக்கு வரல நானு. மொதல்ல உங்க வாசலுக்குத்தான் அவரக் கூட்டிக்கினு வந்தேன். படி ஏற முடியல. கீழயே நின்னுக்கினு கூப்பிட்டாரு. பேசக்கூட மூச்சு இல்ல அவருக்கு. இருந்த மூச்சுல உங்க பேரத்தான் கூப்பிட்டாரு, அண்ணேன்னு சேத்து. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரு. மேல ஜன்னல்ல நீங்க நின்னுக்கினு இருந்தீங்க, நான் பாத்தேன். தொறக்கல. வர்ற வழியில, விடு, தூங்கிக்கினு இருப்பாருன்னு எனக்கே சமாதானம் சொல்றாரு, உதடு நீலமாப் போயி." அவள் மூச்சு வாங்கினாள். "அந்தப் பேர அவரு எடுத்துக்கினு போயிட்டாரு. என்கிட்ட இல்ல. வேணும்னா கல்லறையில போயிக் கேளுங்க. அவரு மன்னிச்சிக்கூடக் குடுப்பாரு. அந்த மாதிரி ஆளு அது."

பாஸ்டர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

ஓனர் நகராமல் நின்றார். பிறகு அவரே, தன்னை யாருக்கோ அறிமுகம் செய்துகொள்வதுபோல, தன் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்.

அக்கா கிரைண்டரைப் போட்டாள்.